இருட்டறையில் ஓர் அம்மிக்கல்

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியாகிவிட்டது. கதவிடுக்கில் கசியும் வெளிச்சத்தை அடைக்க யாரோ பழைய போர்வையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மேசை. அதன் மேல் ஓர் அம்மிக்கல். மாடிப்படி ஏற்றிக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டியிருந்தது. எதிரே நான்கு முக்காலிகள், நான்கு கேமராக்கள். "லைட்டை அணைக்கலாமா சார்?" என்று ஒரு குரல் கேட்கிறது. அணைத்த பிறகு அரை நிமிஷம் யாரும் அசைவதில்லை. கண் இருட்டுக்குப் பழக வேண்டும், முக்காலியில் கால் இடறக் கூடாது.

கேமரா குழுக்கள் பரிசோதனைக்கென்று ஒதுக்கும் மாலைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. கோயில், பூ, பறவை, குழந்தை என்று நன்றாகவே படமெடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் எல்லாப் படமும் முன்பே எடுத்த படம் போலத் தோன்ற ஆரம்பிக்கும். புது லென்ஸ் வாங்க நினைப்பது அந்த நேரத்தில்தான். லென்ஸுக்குப் பதில் ஒரு டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம், கூட நாலு பேர் இருந்தால் போதும்.

நாலு பேர் என்பது சும்மா சொல்வது இல்லை. இந்த அத்தியாயத்தில் வரும் உத்திகளில் பலவற்றுக்குத் தனியாளுக்குக் கை பற்றாது. ஷட்டரைத் திறந்து மூட ஒருவர், டார்ச் பிடிக்க ஒருவர், சத்தமாக நொடி எண்ண ஒருவர், குறிப்பெழுத ஒருவர். இப்படிப் பிரித்துக்கொண்டால் ஒரே மாலையில் முப்பது முயற்சிகள் பார்த்துவிடலாம். தனியாகச் செய்பவர் கேமராவுக்கும் மேசைக்கும் நடந்தே களைத்து, ஐந்தாறு படத்தோடு மூட்டை கட்டிவிடுவார். தவிர, குழுவில் ஒருவர் செய்யும் தவறு அந்த இடத்திலேயே எல்லோருக்கும் பாடமாகிவிடுகிறது.

சென்னையில் இந்தக் கூட்டுப் பழக்கத்துக்கு வயது அதிகம். பம்பாயில் 1854லும் கல்கத்தாவில் 1856லும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. 1857ல் சென்னையின் முறை வந்தது. மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டியை உருவாக்க முன்னின்றவர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். 1850ல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவரும் அவர்தான். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அக்கால நெகட்டிவிலிருந்து அச்சிட்ட படத்தில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் அவர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். "கேமரா கண்டதை அப்படியே காட்டுவதுதான் போட்டோ, மற்றதெல்லாம் வித்தை" என்ற வாதம் குழுக்களில் அடிக்கடி எழும். அப்போது ட்ரைப்பின் மேகங்களை ஞாபகப்படுத்தலாம். பரிசோதனை நம் ஊர் புகைப்படக் கலைக்குப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டதில்லை, தொடக்கத்திலிருந்தே கூட இருக்கிறது.

இனி அம்மிக்கு வருவோம். வெளிச்சத்தால் வரைவதைப் பழக அம்மியைப் போல நல்ல பொருள் கிடைப்பது அரிது. கறுப்போ சாம்பலோ, ஒரே நிறம். அதனால் கவனம் நிறத்தில் சிதறாது. முகத்தில் உளி கொத்திய தழும்புகள் புள்ளி புள்ளியாக இருக்கும். வருஷக்கணக்கில் குழவி உருண்ட நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழவழவென்று லேசாகக் குழிந்திருக்கும்.

கேமரா அமைப்பு எளியது. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 20 நொடி. விளக்கை அணைக்கும் முன்பே கல்லின் மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருட்டில் லென்ஸ் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் அலையும். கேமரா முக்காலியில் இருப்பதால் அதிர்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுவது நல்லது. ரிமோட் இல்லையென்றால் கேமராவின் 2 நொடி டைமரே போதும்.

முதல் முயற்சியில் டார்ச் பிடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நேராக அடிக்கிறார். வந்த படத்தில் இருப்பது ஒரு சாம்பல் கட்டி. கொத்தும் தெரியவில்லை, குழிவும் தெரியவில்லை. கேமரா பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சமும் போனால் நிழல்கள் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாத இடத்தில் மேடு பள்ளம் கிடையாது.

"தம்பி, டார்ச்சை மேசையோட மேசையா இறக்குப்பா. கல்லை உரசற மாதிரி அடி." இரண்டாவது முயற்சியில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, கல்லின் முகத்தை ஒட்டி வருகிறது. கேமராவின் பின்திரையில் படம் தோன்றியதும் எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு கொத்தும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாகத் தனித்தனியே எழுந்து நிற்கிறது. நடுவில் தேய்ந்த பகுதி ஒரு சின்னக் குளம் போல மினுங்குகிறது. கல் அதே கல்தான். டார்ச் இரண்டடி நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

மூன்றாவதில் இடப்பக்கம் 8 நொடியும் வலப்பக்கம் 2 நொடியும் அடிக்க, நிழலின் கும்மிருட்டு தளர்ந்து கல்லுக்கு ஒரு கனம் வருகிறது. நான்காவதில் பின்னாலிருந்து 2 நொடி சேர்க்க, விளிம்பு கோடாக ஒளிர்ந்து கல் இருட்டிலிருந்து பிரிந்து நிற்கிறது. குறிப்பெழுதுபவரின் நோட்டில் இதெல்லாம் ஒரே வரி: "படம் 4. இடம் 8, வலம் 2, பின் 2. டார்ச் தூரம் ஒன்றரை அடி." அந்த வரி இருந்தால் அடுத்த மாதம் வேறொருவர் வேறொரு பொருளை வைத்து அங்கிருந்தே தொடரலாம். தூரத்தை எழுதிவைக்கக் காரணம் உண்டு. டார்ச்சை இரண்டு மடங்கு தள்ளிப் பிடித்தால் கல்லின் மேல் விழும் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும்.

ஒரு முயற்சிக்கு ஒரே ஒரு மாற்றம் என்பதை அந்த மாலையின் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். டார்ச்சின் திசை, நேரம், அப்பர்ச்சர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் படம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

டார்ச் ஓரிடத்தில் நிற்காமல், சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போல மெல்ல அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பிடிப்பவர் அடர்நிற உடை அணிந்திருந்தால் படத்தில் விழமாட்டார். குத்துவிளக்கு, செம்பு போன்ற பளபளக்கும் பொருள்களுக்கு டார்ச் முகத்தில் பட்டர் பேப்பர் கட்டினால் வெள்ளைத் திட்டுகள் குறையும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வண்ணக் கண்ணாடித்தாள் நிறம் சேர்க்க உதவும். ஆனால் முதல் மாலையில் அது வேண்டாம். நிறம் வந்துவிட்டால் நிழலைப் பார்க்கத் தோன்றாது.

பொருளின் மேல் அடித்த வெளிச்சத்தை இப்போது கேமராவை நோக்கித் திருப்பினால் அடுத்த வித்தை. காற்றில் டார்ச்சால் எழுதினால் எழுத்து படத்தில் நிற்கும். பிரான்ஸில் உடல் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்த மாரே என்பவரின் உதவியாளர் ஜார்ஜ் தெமெனி 1889லேயே மனித உடலின் மூட்டுகளில் சின்ன மின்விளக்குகளைக் கட்டி நடக்கவைத்து, நடையின் கோடுகளைப் பதிவு செய்தார். அது ஆராய்ச்சிக்காக. 1935ல் மேன் ரே அதையே கலையாக்கினார். 1949ல் லைஃப் பத்திரிகைக்காகப் பிக்காஸோவைப் படமெடுக்கப் போன ஜான் மிலி, இருட்டறையில் அவர் கையில் ஒரு சிறு விளக்கைக் கொடுத்தார். பிக்காஸோ காற்றில் வரைந்த கோட்டுருவங்களும், ஃபிளாஷ் வெளிச்சத்தில் பதிந்த அவருடைய உருவமும் ஒரே படத்தில் வந்தன.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. புதியவர்கள் தடுமாறுவது இதில்தான். அறையில் மிச்சமிருக்கும் வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே போகும். நகரும் டார்ச் அப்படி இல்லை. ஒரு புள்ளியைக் கண நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே கோடு எவ்வளவு பளிச்சென்று விழும் என்பதைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் கை அசையும் வேகமும்தான். ஷட்டரை 20லிருந்து 40 நொடியாக்கினால் அறைதான் வெளுக்கும்; கோடு அப்படியே இருக்கும். கோடு தடித்து வெளுத்தால் அப்பர்ச்சரை எஃப் 8லிருந்து எஃப் 11க்குக் குறைக்க வேண்டும்.

தீபாவளிச் சமயத்தில் டார்ச்சுக்குப் பதில் கம்பி மத்தாப்பு. அதன் பொறி கோட்டுக்கு ஒரு ரோமம் முளைத்தது போன்ற அழகைத் தரும். இதை மொட்டை மாடியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, பருத்தி உடையில் செய்ய வேண்டும். இரும்பு நாரைக் கம்பியில் கட்டிப் பற்றவைத்துச் சுழற்றும் படங்கள் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில் பறப்பது உருகிய இரும்புத் துளி. காய்ந்த புல்லோ கீற்றோ இருக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது. கண்ணாடியும் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் எங்கேயும் செய்யக் கூடாது. இதில் முடிவெடுக்க வேண்டியவர் குழுவின் மூத்தவர். "வேண்டாம்" என்று அவர் சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

ஆபத்தே இல்லாத ஒன்று வேண்டுமானால் மின்விசிறிக் கொக்கியைப் பயன்படுத்தலாம். விசிறி மாட்டாத வெறும் கொக்கியிலிருந்து பேனா அளவு டார்ச்சைத் தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிட்டு, நேர் கீழே தரையில் கேமராவை மேல்நோக்கி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை லேசாகத் தள்ளிவிட வேண்டும். எஃப் 11, ஒரு நிமிஷம். நீள்வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே வந்து படத்தை நிறைக்கும். கயிற்றை ஆங்கில ஒய் எழுத்துப் போல இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிட்டால், ஒரு திசையில் ஓர் ஆட்டமும் குறுக்குத் திசையில் வேறு ஆட்டமும் கலந்து, சிக்குக் கோலம் போல வளைவுகள் பின்னிக்கொள்ளும். டார்ச்சை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். கீழே இருப்பது ஒருவருடைய லென்ஸ்.

இருட்டறை கலையும் முன் எல்லோரும் ஆசைப்படுவது இரட்டை வேடத்துக்கு. 1940ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தபோது ஜனங்கள் வியந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த வித்தைக்கு லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். இருட்டறையில் மறைப்பே தேவையில்லை. ஷட்டரை 20 நொடி திறந்துவைத்து, நாற்காலியில் இடப்பக்கம் உட்கார்ந்தவர் மேல் 2 நொடி டார்ச். அணைத்ததும் அவர் எழுந்து வலப்பக்கம் போய் நிற்க, மறுபடி 2 நொடி. இருவரும் ஒரே படத்தில் இருப்பார்கள். பின்னால் இருப்பது கறுப்புத் துணியாக இருந்தால் இரண்டு உருவமும் திடமாக விழும். வெளிறிய சுவராக இருந்து, இன்னொரு உருவத்துக்கு அடித்த வெளிச்சம் அதிலும் பட்டுவிட்டால், சுவர் உடம்புக்குள் ஊடுருவித் தெரிந்து ஆவி மாதிரி ஆகிவிடும். சிலர் ஆவிதான் வேண்டும் என்பார்கள், அதுவும் சரிதான்.

பல கேமராக்களில் உள்ள மல்டிபிள் எக்ஸ்போஷர் வசதிக்கும் இதே விதிதான். முதல் படத்தில் இருட்டாக உள்ள இடத்தில் மட்டுமே இரண்டாவது படம் தெளிவாக உட்காரும். வெளுத்துப்போன வானத்தில் எதுவும் ஏறாது. எனவே முதலில் வானத்தை எதிர்த்து நிற்கும் ஒருவரின் கறுத்த பக்கவாட்டு உருவம், அதன் மேல் வேப்பிலைக் கொத்தோ, கோபுரத்துச் சுதையோ, கடற்கரைக் கூட்டமோ. வெளிச்சத்தைக் கூட்டிச் சேர்க்கும் முறையில் இரண்டு படம் என்றால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்தும், நான்கு என்றால் இரண்டு ஸ்டாப் குறைத்தும் எடுக்க வேண்டும். கைபேசியில் இதற்கென்று தனிச் செயலிகள் கிடைக்கின்றன.

வெளியே வந்துவிட்டால் வேகம்தான் பாடம். ஓடும் பொருளோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்கும் பேனிங் உத்திக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாலையும் சைக்கிள்காரர்களும் போதும். ரேக்ளா பந்தயம் நடக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஷட்டர் முப்பதில் ஒரு நொடி. கால் இரண்டையும் வண்டி வந்து கடக்கப்போகும் இடத்தை நோக்கி ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பி வண்டி வரும் பக்கம் பார்த்து, அது நெருங்க நெருங்க உடம்பு தானாக நேராகும்படி திரும்ப வேண்டும். ஷட்டரை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்: க்ளிக் சத்தம் கேட்டதும் கை நின்றுவிடும். முப்பது படத்தில் ஒன்றிரண்டு தேறினால் அது நல்ல காலை. எர்ன்ஸ்ட் ஹாஸ் 1956ல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் எடுத்த காளைப் போர் படத்தைக் குழுவில் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. காளையும் வீரரும் துணியும் வண்ணத் தீற்றல்களாகக் கலைந்திருக்கும்; கூர்மை இல்லை என்று அதை யாரும் குறை சொல்ல முடியாது.

பொருள் நிற்க, கேமரா அசைவது இன்னொரு வகை. அந்தி நேரம், ஷட்டர் அரை நொடி, பனந்தோப்பு. கேமராவை மேலிருந்து கீழே ஒரே சீராக இழுத்தால் பனைகளின் கறுத்த தண்டுகள் நெட்டுக்கோடுகளாக நீண்டு, ஓலையும் வானமும் கரைந்துவிடும். நெல்வயலுக்குப் பக்கவாட்டு அசைவு பொருந்தும். பொருட்காட்சி ராட்டினத்துக்கு அசைக்கவே வேண்டாம்; முக்காலியில் வைத்து 2 நொடி திறந்தால் விளக்குகள் தாமே வட்டம் போட்டுக்கொள்ளும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களிலும் கோட்டைகளிலும் முக்காலி வைக்க முன்அனுமதி வாங்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் இரவு எட்டு மணிக்கு ஐந்து பேர் டார்ச்சோடு திரிந்தால் ஊர்க்காரர்கள் பயப்படுவது நியாயம். பகலிலேயே ஒருமுறை போய், பக்கத்து டீக்கடையில் சொல்லிவைத்துவிட்டு வருவது எல்லோருக்கும் மரியாதை.

குழு சேர்ந்து ஊர் தாண்டிப் போக உகந்த வேலை நட்சத்திரத் தடங்கள். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையைத் தினசரி காலண்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம். ஜனவரிக்குப் பின் வானம் தெளிந்திருக்கும். 30 நொடிப் படங்களாக இடைவெளியின்றி ஒரு மணி நேரம் எடுத்தால் 120 படங்கள். பிறகு கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளால் ஒன்றாகச் சேர்க்கலாம். கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் வசதியை அணைத்துவைக்க மறக்கக் கூடாது. இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதே அளவு நேரம் கேமரா சும்மா நிற்கும், தடம் புள்ளி விட்ட கோடாகிவிடும். கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் லென்ஸ் மேல் பனி படியும். அரை மணிக்கு ஒருமுறை பார்த்துச் சொல்ல ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் நட்சத்திரத் தடப் படங்கள் வானத்தின் நடுவில் ஒரு சுழல் போல இருக்கும். நம் ஊரில் அந்தப் படம் அப்படி வராது. அதில் வருந்த ஒன்றுமில்லை. துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை அந்த இடத்தின் அட்சரேகை சொல்லிவிடும். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரிதான். எனவே வடக்கே பார்த்தால் தடங்கள் தரையிலிருந்து எழும் பெரிய வளைவுகளாக, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிந்த வானவில்கள் போல வரும். நம் ஊருக்கே உரிய காட்சி கிழக்கில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நட்சத்திரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழும்பும். தனுஷ்கோடிக் கடலிலிருந்து வானம் கோடு கோடாக நிமிர்ந்து நிற்கும் படத்தை லண்டன் குழு தன் ஊரில் எடுக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் அதிகபட்சம் 15 டிகிரி நகர்ந்திருக்கும். கோடு அதைவிட நீளமாக வேண்டுமென்றால் மாற்று பேட்டரியும் ஃபிளாஸ்க்கில் டீயும் வேண்டும்.

திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்தில் படங்களைச் சுவரில் போட்டுப் பார்ப்பார்கள். ஆளுக்கு இரண்டு படம் என்று வைத்துக்கொண்டால் நேரம் கட்டுக்குள் இருக்கும்: ஒன்று தேறியது, ஒன்று தேறாதது. தேறாத படத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், குறிப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. "அக்கா, உங்க படத்துல கோடு ஏன் உடைஞ்சிருக்கு?" என்று நேராகக் கேட்கவும், "நான் நடுவுல முக்காலியை இடிச்சிட்டேன்ப்பா" என்று நேராகச் சொல்லவும் முடிகிற குழுவில் கற்றல் வேகமாக நடக்கிறது. போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இந்தக் கூட்டத்தில் நுழையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மதிப்பெண் வந்தால் தேறாத படத்தை யாரும் கொண்டுவரமாட்டார்கள்.

பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வடக்கு வானத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு பயிற்சி. தடம் எடுக்கத் தொடங்கும் முன் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 8 நொடியில் சப்தரிஷி மண்டலத்தை ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். அகப்பையின் காம்பு போன்ற வால் பகுதியில் நடுவில் இருப்பது வசிட்டர். படத்தைப் பெரிதாக்கினால் அவர் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி தனியாகத் தெரியும். அம்மி மிதித்த கையோடு பகல் முகூர்த்தத்தில் புரோகிதர் வானத்தைக் காட்டி, எதையும் காணாமலே "தெரிகிறது" என்று மணமக்கள் தலையாட்டும் அருந்ததி அதுதான். குழுவில் கல்யாணமானவர்கள் அந்தப் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.